பள்ளியில் தொழுதோம், வீட்டில் பயந்தோம்

கிரகண நாள் நம் குடும்பங்களுக்குத் தரும் பாடம்



இந்த மாதப் பாடத்தை எங்கள் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வெளியில் சொல்லக் கொஞ்சம் வெட்கமான செய்திதான். ஆனாலும் இன்னொரு வீட்டில் அப்படி நடக்காமல் இருந்தால் அதுவே போதும் என்று எழுதுகிறேன்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. மறுநாள் ஊரக உள்ளாட்சித் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு என்பதால் டீக்கடையில் எல்லாம் தேர்தல் பேச்சு. மார்கழிக் குளிர். சுபுஹு தொழுதுவிட்டு வந்தபோது அம்மா அடுப்படியில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி பிரசவத்திற்காக நம் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். கர்ப்பத்தில் வந்த சர்க்கரைக்காகக் காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சூரிய கிரகணம். காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி, ஒன்பதரை வாக்கில் உச்சத்தை அடைந்து, பதினொன்றே கால் வாக்கில் விலகும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக அதன் பாதை போனது. அங்கெல்லாம் நடுவில் கறுத்து, சுற்றிலும் நெருப்பு வளையமாகச் சூரியன் தெரிந்தது. நம் ரஞ்சன்குடி அந்தப் பாதைக்குச் சற்று வடக்கே இருப்பதால் வளையம் முழுதாகக் கூடவில்லை. மெல்லிய பிறைபோல ஆகித்தான் மீண்டது.

ஹஜ்ரத் முதல் நாளே பள்ளியில் அறிவித்திருந்தார். ஆண்கள் ஒளு செய்துகொண்டு பள்ளிக்குப் போனோம். கிரகணத் தொழுகை நடந்தது. பிறகு பயான். யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று ஹஜ்ரத் விளக்கினார். எல்லோரும் தலையசைத்துக் கேட்டோம்.

வீட்டுக்கு வந்தால் உள்ளறை இருட்டாக இருந்தது. ஜன்னலில் கனத்த போர்வை. உள்ளே தங்கச்சி சுவரில் சாய்ந்து, உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் பதில் குழறியது.

நடந்தது இதுதான். நாங்கள் கிளம்பியதும் பக்கத்து வீட்டு அக்கா வந்திருக்கிறார். நல்ல மனசுக்காரர். பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது, கத்தி அரிவாள்மனை தொடக்கூடாது, கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, மீறினால் பிள்ளை மூளியாகப் பிறக்கும் என்று சொல்லியிருக்கிறார். நன்னிமாவும் ஆமாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா வெங்காயத்தை அப்படியே மூடி வைத்துவிட்டார்கள். தங்கச்சி வழக்கம்போல ஏழரை மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டாள். இட்லி வெந்து இறங்குவதற்குள் கிரகணம் தொடங்கிவிட்டது. அதன் பிறகு ஒரு வாய் சாப்பாடு இல்லை.

இன்சுலின் உள்ளே போய், சாப்பாடு உள்ளே போகாவிட்டால் என்ன ஆகும் என்பது சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளுக்குத் தெரியும். இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல், அதற்கும் கவனிக்காவிட்டால் மயக்கம், வலிப்பு. தாய்க்கும் ஆபத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. அல்லாஹ்வின் அருளால் அவள் நினைவோடு இருந்தாள். மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தாள். பிறகு இட்லி சாப்பிட்டாள்.

அன்று மாலை நான் நன்னிமாவிடம், "ஹஜ்ரத் சொன்னது தெரியாதா நன்னிமா?" என்று கேட்டேன். "பள்ளியில சொல்றது எனக்கு எப்படிப்பா தெரியும்? நீங்க கேட்டுட்டு வர்றீங்க, எங்ககிட்ட யாரு வந்து சொன்னா? எங்க அம்மா சொன்னத நான் செஞ்சேன்" என்றார்கள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தவறு நன்னிமாவுடையது அல்ல. ஆண்கள் பள்ளியில் கேட்டதைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம்.

மதீனாவில் நடந்த கிரகணம்

நபி (ஸல்) அவர்களுக்கு மாரியா (ரலி) அவர்கள் மூலம் பிறந்த மகன் இப்ராஹீம். பால்குடிப் பருவத்திலேயே வஃபாத் ஆகிவிட்டார். முதிய வயதில் கிடைத்த பிள்ளை. நபியவர்களின் கண்கள் கலங்கின. அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. வானவியல் கணக்குப்படி அது கி.பி. 632 ஜனவரி 27 என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள்.

மக்கள் உடனே பேசத் தொடங்கினார்கள். நபியின் மகன் இறந்ததால் சூரியனே இருண்டுவிட்டது என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்பால் சொன்னார்கள், துக்கத்தில் பங்கு கொள்வதற்காகச் சொன்னார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனிடம், உன் பிள்ளைக்காக வானமே அழுகிறது என்று ஊரே சொல்கிறது. மௌனமாக இருந்தாலே போதும், அது அப்படியே நிலைத்துவிடும். ஆனால் நபி (ஸல்) அவர்கள் அந்த நிலையிலும் மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை, அதைக் கண்டால் தொழுங்கள், துஆச் செய்யுங்கள் என்ற கருத்தில் அறிவித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பில் தக்பீரும் ஸதகாவும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. அஸ்மா (ரலி) அவர்களின் அறிவிப்பில் அடிமைகளை விடுதலை செய்யும்படி ஏவியதும் வருகிறது. இவை புகாரியில் உள்ளவை.

தம் சொந்த மகனின் மரணத்தோடுகூடக் கிரகணத்தை முடிச்சுப்போட நபியவர்கள் இடம் கொடுக்கவில்லை. அப்படியிருக்க, நம் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியின் கையிலிருக்கும் கத்தியோடு அதை எப்படி முடிச்சுப்போடுவது?

பயம் கூடாது என்பதல்ல

நபியவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மேலாடை தரையில் இழுபட விரைந்து பள்ளிக்கு வந்தார்கள் என்று அறிவிப்பு இருக்கிறது. நீண்ட நேரம் நின்று தொழுதார்கள். முதல் நிலை ஏறக்குறைய பகரா சூரா ஓதும் அளவுக்கு நீண்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

இரண்டு வகைப் பயம் உண்டு. ஒன்று அல்லாஹ்வின் மீதுள்ள பயம். இவ்வளவு பெரிய சூரியனின் ஒளியை ஒரு காலை நேரத்தில் மங்கச் செய்கிறவன், ஒரு நாள் அதை முழுவதும் அணைத்துவிடவும் வல்லவன் என்ற நினைவு. இந்தப் பயம் மனிதனைத் தொழுகைக்கும் தர்மத்திற்கும் எழுப்பும். இன்னொன்று கிரகணத்தின் மீதே உள்ள பயம். அது மனிதனை இருட்டறையில் உட்கார வைக்கும். முன்னதை நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். பின்னதை அகற்றினார்கள். சூரியனுக்கோ சந்திரனுக்கோ ஸஜ்தாச் செய்யாமல் அவற்றைப் படைத்தவனுக்கே செய்யும்படி குர்ஆனின் 41ஆம் அத்தியாயம் கட்டளையிடுவதும் இதே அடிப்படையில்தான்.

பெண்களும் அந்தத் தொழுகையில் இருந்தார்கள்

அன்று மதீனாவில் பெண்களை அறைக்குள் அடைக்கவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) வந்து பார்க்கிறார்கள். மக்கள் எல்லாரும் தொழுதுகொண்டிருக்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்களும் தொழுகையில் நிற்கிறார்கள். என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு ஆயிஷா (ரலி) வானத்தை நோக்கிச் சைகை காட்டுகிறார்கள். அஸ்மா (ரலி) அவர்களும் சேர்ந்து நிற்கிறார்கள். நின்ற நேரம் நீண்டு தலை சுற்றவே, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள்.

இது நமக்குப் பெரிய பாடம். கிரகண நேரத்தில் மயக்கம் வந்தால் தண்ணீர் எடுத்துக்கொள்வது சஹாபிப் பெண்மணியின் செயல். தண்ணீரை மறுப்பது நாமாக ஏற்படுத்திக்கொண்டது.

தொழும் முறை

கிரகணத் தொழுகை இரண்டு ரக்அத். பாங்கும் இகாமத்தும் கிடையாது. "அஸ்ஸலாத்து ஜாமிஆ" என்று அழைப்பது மட்டும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின்படி ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு முறை நின்று ஓதி, இரண்டு முறை ருகூஉச் செய்து, பிறகு இரண்டு ஸஜ்தாச் செய்ய வேண்டும். தொழுகைக்குப் பின் குத்பா உண்டு. ஹனஃபி மத்ஹபின்படி மற்ற நஃபில் தொழுகை போலவே ஒரு ரக்அத்துக்கு ஒரு ருகூஉதான். ஓதுவதை நீட்டி, பிறகு கிரகணம் விலகும்வரை துஆவில் இருக்க வேண்டும். உங்கள் மஹல்லா ஹஜ்ரத் காட்டும் முறையில் தொழுங்கள். இதில் சண்டை வேண்டாம்.

பெண்கள் வீட்டிலேயே தொழலாம். தொழ முடியாத நாட்களில் இருப்பவர்கள் திக்ரு, துஆ, இஸ்திஃபார், ஸதகா செய்யலாம். நிற்க முடியாத கர்ப்பிணிகளும் முதியவர்களும் உட்கார்ந்து தொழலாம். கிரகணம் விலகிவிட்டால் தொழுகையின் நேரம் முடிந்தது, களாச் செய்ய வேண்டியதில்லை. வேறு நாட்டில் பிடிக்கும் கிரகணத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு இங்கே தொழ வேண்டியதும் இல்லை. நம் ஊரில் தெரிந்தால்தான் நமக்குத் தொழுகை.

முன்கூட்டியே கணக்கிட்டால் அத்தாட்சி இல்லாமல் போகுமா?

படிக்கிற பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குகின்றன என்று குர்ஆனே 55ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொல்கிறது. கணக்குத் தப்பாமல் இருப்பதுதான் அத்தாட்சி.

சூரியன் சந்திரனைவிடக் குறுக்களவில் ஏறக்குறைய 400 மடங்கு பெரியது. நம்மிடமிருந்து ஏறக்குறைய 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. சந்திரன் நேராகக் குறுக்கே வந்தால் சூரியனை மறைக்க முடிகிறது. சந்திரன் பூமிக்குக் கிட்டே இருக்கும்போது முழுதாக மறைக்கும். சற்றுத் தள்ளி இருக்கும்போது ஓரம் மிஞ்சி வளையமாகத் தெரியும். 2019இல் நடந்தது அதுதான்.

பிறை பார்த்து மாதம் தொடங்கும் நமக்கு இன்னொன்று எளிதில் புரியும். சூரிய கிரகணம் எப்போதும் ஹிஜ்ரி மாதக் கடைசியில்தான் வரும். பழைய பிறை தேய்ந்து, புதுப் பிறை தெரியுமுன் சந்திரன் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே போகும் நேரம் அது. 2019 கிரகணமும் ரபீஉல் ஆகிர் மாத இறுதியில்தான் வந்தது. எல்லா மாதமும் ஏன் வருவதில்லை என்றால், சந்திரனின் பாதை ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் அது சூரியனுக்குச் சற்று மேலோ கீழோ விலகிப் போய்விடுகிறது.

கிரகணக் கணக்கு உறுதியாக நிறுவப்பட்ட ஒன்று, மார்க்கத்தைக் காப்பதாக நினைத்து அதை மறுப்பவர் மார்க்கத்துக்குத்தான் தீங்கு செய்கிறார் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார்கள். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், சிறு துளை வழியே விழும் கிரகணச் சூரியனின் ஒளி ஏன் பிறை வடிவில் விழுகிறது என்பதை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். இவை நம் முன்னோர் விட்டுச் சென்றவை. இருட்டறை நம் முன்னோர் சொத்து அல்ல.

மூளியாகப் பிறப்பது எதனால்?

இதைத் தாய்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தையின் மேலுதடு கர்ப்பத்தின் 4ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரத்துக்குள் இணைந்து உருவாகிவிடுகிறது. அண்ணம் 9ஆம் வார வாக்கில் கூடிவிடும். இந்த இணைப்பு முழுமையடையாவிட்டால்தான் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு. பரம்பரைக் கூறுகள், கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய், புகை, சில மருந்துகள் போன்றவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. பல நேரம் காரணம் இன்னதென்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. வெங்காயம் நறுக்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏழு மாதத்தில் இருந்த என் தங்கச்சியின் வயிற்றுப் பிள்ளைக்கு உதடு எப்போதோ கூடிவிட்டிருந்தது.

அவளுக்குப் பிள்ளை நலமாகப் பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதை நான் சான்றாகச் சொல்ல வரவில்லை. வேறொன்றை நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை ஒரு குறையோடு பிறந்திருந்தால்? "அன்னிக்கி கிரகணத்துல தண்ணி குடிச்சா, அதான்" என்று வாழ்நாள் முழுதும் அவளைச் சொல்லியிருப்போம். அப்படிச் சொல்லுக்கு ஆளாகிச் சபைக்கு வராமல் ஒதுங்கி வாழும் தாய்மார்கள் எத்தனை பேர்! அல்லாஹ் சோதனையாகவும் அமானிதமாகவும் கொடுத்த பிள்ளையைத் தாயின் குற்றமாக்குவது பெரும் பாவம். உதட்டுப் பிளவை அறுவைச் சிகிச்சையால் நன்றாகச் சரிசெய்யலாம். அரசின் சிறார் நலத் திட்டத்தில் இதற்கு உதவி உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

இந்த மூடநம்பிக்கை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அதே நாளில் நடந்த இன்னொன்று சாட்சி. கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில், ஊனம் நீங்கும் என்று நம்பி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைக் கிரகண நேரத்தில் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்த செய்தி படங்களோடு வெளிவந்தது. பெற்றவர்கள்தான் புதைத்தார்கள். பிள்ளை மேல் உள்ள பாசத்தால்தான் புதைத்தார்கள். அறிவு வழிகாட்டாத பாசம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கண் பத்திரம்

கிரகணத்துக்குப் பயப்பட வேண்டாம் என்றதும் சிலர் நேராகச் சூரியனைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அன்று நம் பிள்ளைகள் பழைய எக்ஸ்ரே பிலிமை எடுத்துக்கொண்டு கோட்டைமேட்டுக்கு ஓடினார்கள். இது உண்மையான ஆபத்து. நம் விழித்திரைக்கு வலி தெரியாது. சுடுவது தெரியாமலே வெந்துவிடும். பல மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் கருப்புப் புள்ளி தெரியவரும். சிலருக்கு அது மீளாமலே போகும். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி, வாளித் தண்ணீரில் தெரியும் பிம்பம், கைபேசிக் கேமராவை நேராக நீட்டுவது எதுவும் பாதுகாப்பில்லை. கிரகணம் பார்ப்பதற்கென்றே தரச்சான்றோடு செய்த கண்ணாடி வேண்டும்.

அதைவிட எளிய வழி வீட்டிலேயே இருக்கிறது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, அதன் வழியே விழும் வெளிச்சத்தைத் தரையிலோ வெள்ளைத் தாளிலோ பாருங்கள். மாவு சலிக்கும் சல்லடையைப் பிடித்தால் நூறு பிறைகள் விழும். வேப்பமர நிழலில் இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு பிறையைத் தரையில் வரையும். இப்னுல் ஹைஸம் ஆராய்ந்தது இதைத்தான்.

உலக்கை நிற்பதைக் காட்டி இதுதான் கிரகண சக்தி என்பார்கள். அடி சமமான உலக்கையைப் பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளும் நிற்கும். பிள்ளைகளோடு ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை நிறுத்திப் பாருங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம்

பக்கத்து வீட்டு அக்கா மீது எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. தங்கச்சி மீது உள்ள அக்கறையில் சொன்னார். அவர் தம் வீட்டில் தம் வழக்கப்படி இருப்பது அவருடைய உரிமை. அதைக் கேலி செய்வது நமக்கு அழகல்ல. ஆனால் அவர் வீட்டிலும் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் இருந்தால், மருந்தும் சாப்பாடும் நேரம் தவறக்கூடாது என்பதை அன்போடு சொல்வது அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. அம்மா பிறகு அப்படித்தான் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார்.

அடுத்த கிரகணம்

ஆறு மாதத்தில் இன்னொரு கிரகணம் வந்தது. 2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. ஊரடங்குக் காலம், பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. நம் பகுதியில் சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைந்தது. காலையில் எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிட்டோம். உச்சிப் பொழுதுக்கு முன்பாகவே கூடத்தில் முசல்லாக்களை விரித்தோம். அத்தா தொழவைத்தார்கள். பின்னால் அம்மா, தங்கச்சி. நன்னிமா நாற்காலியில். பிள்ளை தொட்டிலில் தூங்கியது. நடுவில் அது அழ, தங்கச்சி சலாம் கொடுத்ததும் போய்ப் பால் கொடுத்தாள். பிறகு நன்னிமா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நூறு ரூபாயை எடுத்து, வேலையில்லாமல் இருந்த ஒரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார்கள். "இப்ப யாரோ வந்து சொன்னீங்கல்ல, செய்யிறேன்" என்றார்கள்.

2027 ஆகஸ்ட் 2 அன்று மக்காவிலும் ஜித்தாவிலும் முழு சூரிய கிரகணம் தெரியும். நம் நாட்டில் அது பகுதிக் கிரகணம். அங்கே வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கண் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவையுங்கள். 2031 மே 21 அன்று தேனி, மதுரை பக்கம் மறுபடி வளையக் கிரகணம் வரும். இன்ஷா அல்லாஹ், அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் இந்த நான்கு விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள்:

1. ஹஜ்ரத் சொல்வதை அன்றே வீட்டுப் பெண்களிடம் சொல்பவர் யார்?
2. கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, குழந்தை, முதியவர் ஆகியோரின் சாப்பாடும் தண்ணீரும் மருந்தும் கிரகணத்துக்காக ஒரு நிமிடமும் தள்ளிப்போகக் கூடாது என்பதில் எல்லாரும் ஒத்துக்கொண்டோமா?
3. பிள்ளைகளுக்குத் துளை அட்டை செய்யத் தெரியுமா?
4. அன்று ஸதகா யாருக்குக் கொடுக்கப்போகிறோம்?

யா அல்லாஹ்! உன்னை மட்டுமே அஞ்சும் உள்ளத்தை எங்களுக்குக் கொடுப்பாயாக. எங்கள் வீட்டுத் தாய்மார்களையும் அவர்கள் சுமக்கும் பிள்ளைகளையும் நோயிலிருந்தும், எங்கள் அறியாமையிலிருந்தும் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.